ஆண்கள் வார்டிலிருந்து வந்த சேதி

ஆயா பெண்கள் வார்டுக்குள் நுழையும்போது முதலில் அவருடைய வலது தோள்தான் உள்ளே வரும். இரண்டு கையிலும் எதையாவது பிடித்திருப்பார். கஞ்சி வாளி, துவைத்த துணிக்கட்டு, மலச்சட்டி, ஏதோ ஒன்று. அதனால் கதவைத் தோளால் தள்ளித்தான் பழக்கம். தோளுக்குப் பிறகு குரல் வரும். ஆள் அதற்கும் பிறகுதான்.

"பாக்கியம், உங்கண்ணன் இன்னைக்கு முழுக் கோப்பையும் குடிச்சிட்டாரு. உப்பு பத்தலன்னு என்னைய ஏசுறாரு. கஞ்சிக்கு உப்பு போடறது நானா, சமையக்காரரா, நீயே சொல்லு."

கட்டில்களில் கிடக்கும் நாங்கள் எல்லோரும் கதவுப் பக்கம் தலையைத் திருப்புவோம். தலையைத் திருப்ப முடியாதவர்கள் கண்ணையாவது திருப்புவார்கள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். மருந்து கட்டும் டிரசருக்கும் நர்ஸ் மிஸ்ஸிக்கும் சமையல்காரருக்கும் எங்களுக்கும் அவர் வெறும் ஆயாதான். நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பதைத் தொட்டிருப்பார். நெடுநெடுவென்று உயரம். ரவிக்கைக்குள் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவை. குனிந்து எங்களைத் துடைத்துவிடும்போது அது வெளியே வந்து எங்கள் முகத்தில் இடிக்கும். "தோ, இவரு ஒருத்தரு, எல்லாத்துலயும் முன்னுக்கு வந்து நிப்பாரு" என்று சொல்லி அதை மறுபடி உள்ளே போட்டுக்கொள்வார்.

ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் சில சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி அது. பெண்களுக்கு ஒரு நீளக் கொட்டகை, ஆண்களுக்கு ஒரு நீளக் கொட்டகை, நடுவே கூரை போட்ட நடை. ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு போட்ட எமர்ஜென்சி காலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் வேலிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் வெளியே நடமாடுகிறவனைச் சுடலாம் என்று உத்தரவு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைப் பார்க்க லேசில் ஆள் வராது. புருஷன் ஒரு கொட்டகையிலும் பெண்டாட்டி இன்னொரு கொட்டகையிலும் எலும்பு முறிந்து கிடந்தால், அந்த நடையைத் தாண்டுவதும் கடலைத் தாண்டுவதும் ஒன்றுதான்.

தாண்டுகிறவர் ஆயா ஒருவர்தான். போகும்போது இந்தப் பக்கத்துச் சேதியைக் கொண்டு போவார், வரும்போது அந்தப் பக்கத்துச் சேதியைக் கொண்டு வருவார். அவர் வெறுங்கையோடு வந்தாலும் வருவார், வெறும் வாயோடு வரமாட்டார்.

கொண்டு வருகிற சேதி, கொடுத்த சேதிதானா என்பது வேறு விஷயம்.

லுக்குட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்து சேர்ந்தார்கள். வேலி சாத்துவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சைக்கிளை விரட்டியிருக்கிறார். பெண்டாட்டி பின்னால். வழியெல்லாம் சண்டை. எதிரே வந்த பட்டாள லோரியை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அந்த அம்மாவுக்குக் கை. ஆயா அந்த அம்மாவிடம் போய், உன் வீட்டுக்காரருக்கு ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார்.

"சொல்லு. ஒரு காலு மட்டும் ஒடிஞ்சது பத்தாது, ரெண்டும் ஒடிஞ்சிருக்கணும்னு நான் சொன்னேன்னு சொல்லு."

ஆயா தலையை ஆட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "உன் வீட்டுக்காரரு கண்ணு கலங்கிட்டாரு" என்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அங்கே போய், "உன் பொஞ்சாதிக்கு உன் கால் நெனப்புதான்" என்று சொல்லியிருக்கிறார். டிரசர் இதைக் கேள்விப்பட்டு, "ஏன் ஆயா, அந்தம்மா அப்படியா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"காலப் பத்தித்தானே டிரசர் சொன்னா?"

அவர்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். மனைவி மூட்டையை எடுக்கப் போனபோது அந்த மனிதர் ஊன்றுகோலோடு குனிந்து அதைத் தானே தூக்கப் பார்த்தார். இவருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் அந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது லோரி கவிழ்ந்து. யாரும் எங்களைச் சுடவில்லை. அந்தக் காலத்தில் லோரி கவிழ்ந்தது என்றாலே, சுட்டார்களா என்றுதான் கேட்பார்கள். இது வெறும் வளைவு. தோட்டத்தின் கடைசிப் பகுதிக்கு பட்டையைச் சீவிப் பால் இறக்கும் மரம் வெட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். போகும் வழியில் இரண்டு பக்கமும் மண்மேடு உயர்ந்து, லாலான் புல் ஆளை மறைக்கும் அளவு வளர்ந்த ஓர் இடம் உண்டு. அங்கே முன்பு கம்யூனிஸ்டுகள் ஒரு பட்டாள வண்டியைச் சுட்டிருந்தார்கள். அதிலிருந்து எந்த டிரைவரும் அந்த இடத்தில் மெதுவாகப் போகமாட்டார். எங்கள் டிரைவரும் பயந்தவர்தான். மிதித்தார். லோரி இடது பக்கமாகச் சாய்ந்தது. வாளிகள் உருளும் சத்தம்தான் எனக்குத் தெரியும்.

என் கணவர் பின்பலகையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எப்போதும் அங்கேதான். புழுதி என் மேல் படக் கூடாது என்று என்னை உள்ளே, பால் வாளிகளுக்கு நடுவே உட்காரச் சொல்வார். சொல்வார் என்றால் வாயால் இல்லை. கையைக் காட்டுவார். கல்யாணமாகி ஒரு தீபாவளிதான் போயிருந்தது. பேச்சு குறைந்த மனிதர். சாப்பாடு நன்றாக இருந்தால் இன்னொரு முறை போட்டுக்கொள்வார், நன்றாக இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளமாட்டார். அவ்வளவுதான் நான் கேட்ட பாராட்டும் குறையும்.

எனக்குத் தொடை எலும்பு. காலை ஒரு கம்பிச் சட்டத்துக்குள் வைத்துக் கட்டி, கட்டிலின் கால்மாட்டில் உருளை மாட்டி, அதில் கயிறு போட்டு மணல் மூட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மாதக் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும் என்று டிரசர் சொன்னார். அசைந்தால் எலும்பு கோணிக்கொள்ளும், அல்லது சேராமலே போய்விடும்.

கண் விழித்து நான் முதலில் கேட்டது என் கணவரைப் பற்றித்தான். ஆயா என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பளைங்க வார்டுல இருக்காரு. இடது தோள் எலும்பு விட்டுப்போச்சு. கட்டுப் போட்டிருக்கு. உன்னையத்தான் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"ரொம்ப வலிக்குதாமான்னு கேட்டாரு."

நான் அழுதேன். வலியால் அல்ல. அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டதை நான் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து தினம் காலையில் எனக்குச் சேதி வந்தது. முகம் துடைத்து, தலைவாரி, என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுச் சொல்வார். குங்குமம் அவர் எங்கிருந்து வாங்கினாரோ தெரியாது. வேதக்காரப் பெண் அவர். ஒரு சின்ன மருந்து டப்பாவில் போட்டு இடுப்பில் செருகியிருப்பார்.

"மழ வருதே, அவ கட்டிலு ஜன்னலோரமாச்சே, சாரல் அடிக்குமே, போத்திக்கிட்டாளான்னு கேட்டாரு."

"நீ சிரிச்சா இடது பக்கம் மட்டும்தான் சிரிக்குமாமே. பாத்துட்டு வரச் சொன்னாரு. சிரி, பாப்போம்."

"எல்லாம் சரியானதும் போர்ட்டிக்சன் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லச் சொன்னாரு. கடல்ல கால வச்சா எலும்பு நோவு போயிடுமாம். யார் சொன்னதோ. நீ கேட்டுக்க."

ஒரு நாள், "ராசாத்தின்னு கூப்பிடுவாராமே உன்னைய" என்றார். கூப்பிட்டதே இல்லை. ஆனால் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆமாம் என்றேன். வெட்கமாகக்கூட இருந்தது.

பேசாத மனிதர் வேறு கட்டிடத்தில் படுத்துக்கொண்டு இவ்வளவு பேசுகிறாரே என்று நினைத்தேன். அடிபட்டால் சிலர் மாறிவிடுவார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நானும் பதில் சொல்லி அனுப்பினேன். வீட்டில் நேரில் சொல்ல வராததெல்லாம் ஆயாவிடம் சொல்ல வந்தது. அடுத்த காலைக்காகக் காத்திருப்பேன். கதவில் அந்தத் தோள் தெரிந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில் அப்படி அடித்துக்கொண்டதில்லை.

பக்கத்துக் கட்டில் பாக்கியம் எங்கள் லயத்துப் பெண். அவளும் அதே லோரியில் வந்தவள். இடது தோளில் கட்டு. அவள் அண்ணன் நிஜமாகவே ஆண்கள் வார்டில் இருந்தார். ஒரு நாள் மத்தியானம், வேறு பேச்சில்லாமல், வார்டைச் சுற்றிக் கையைக் காட்டிச் சொன்னாள்.

"லோரியில உக்காந்த மாதிரியே படுக்க வச்சிருக்காங்க பாரேன். இடது பலகையில உக்காந்த எங்களுக்கெல்லாம் தோளு. அந்தா அவங்க வலது பக்கம், எங்க மேல விழுந்ததுல வெலா எலும்பு. முன்னுக்குக் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நின்னதுங்களுக்கு மணிக்கட்டும் பல்லும். நீ வாளிக்கு நடுவுல உக்காந்த, தொடை."

நான் விளையாட்டாகக் கேட்டேன். "பின்பலகையில உக்காந்தவங்களுக்கு?"

பாக்கியம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பின்பலகையில் அவரோடு ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். அவள் எங்கள் வார்டில் இல்லை. தலையில் அடி என்று சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி யாரும் பேசவில்லை. பின்பலகையில் இருந்தவர்கள் லோரிக்குள் விழவில்லை, ரோட்டில் விழுந்தார்கள். அவர்கள் உடம்பில் இடது தோள் மட்டும் முறிந்திருக்க முடியாது. இடது தோள், பலகையில் உட்கார்ந்தவர்களுக்கு வந்த அடி. ஆயா எங்கள் வார்டில் பார்த்த அடியை எடுத்து அவருக்கு வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் முழுவதும் மணல் மூட்டையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், சுற்றிலும் கிடந்த கட்டுகளைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அழ வரவில்லை. அழுதால் கால் அசையும் என்ற பயமா, வேறு எதுவா, சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை தோள் உள்ளே வந்தது. குரலும் வந்தது. ஆயா என் முகத்தைத் துடைத்தார். டப்பாவை எடுத்துத் திறந்தார். குங்குமத்தைத் தொட்ட விரல் என் நெற்றிக்கு வந்து, அப்படியே நின்றது. என் முகத்தில் அவர் எதைப் பார்த்தாரோ.

பாக்கியம் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆயா, நிறுத்திட்டீங்க?"

"வைக்கவா?"

"வைங்க."

வைத்தார். பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது. டப்பாவை மூடினார். தோளைத் திருப்பிக்கொண்டு எழப்போனார்.

"இன்னைக்கு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

ஆயா மறுபடி உட்கார்ந்தார்.  பிறகு தாழ்ந்த குரலில், "உனக்குக் கேக்கணுமா?" என்றார்.

"கேக்கணும்."

"சரி." டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டார். "நெத்தியில முடி விழுந்தா உனக்குத் தூக்கம் வராதாமே. ஒதுக்கிவிடச் சொன்னாரு."

என் முடியை ஒதுக்கிவிட்டார்.

எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மணல் மூட்டை இறங்கும் நாள் வரைக்கும் ஒரு காலையும் சேதி நிற்கவில்லை. நான் பதில் சொல்லி அனுப்புவதும் நிற்கவில்லை. முன்பைவிட அதிகமாகவே பேசினேன். யாருக்குப் பேசினேன் என்று கேட்டால், எனக்கு விளக்கத் தெரியாது. என் அம்மா இறந்தபோதுகூட நான் அவ்வளவு பேசவில்லை.

கால்கட்டை அவிழ்த்து, இரண்டு ஊன்றுகோல் கொடுத்து, நடந்து பழகு என்றார்கள். வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டிருந்தது. ஆயா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வார்டு வாசலைத் தாண்டி, அந்த நடைக்கு வந்தோம். எதிரே ஆண்கள் வார்டின் கதவு. யாரோ இருமுவது கேட்டது. ஆயாவின் கை என் இடுப்பில் இறுகியது.

"அந்தப் பக்கம் போவணுமா?"

"வேணாம் ஆயா. அங்க யாரு இருக்கா."

சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டு மேடை இருந்தது. அங்கே உட்காரவைத்தார். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"கொண்டாரும்போதே உசுரு இல்ல. உன் மூத்தாரு வந்து வாசல்ல நின்னாரு. பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணியாகணும், வேலி சாத்திடுவாங்க. நீ மயக்கத்துல கெடந்த. டிரசரு சொன்னாரு, இவளுக்கு இப்பச் சொன்னா எழுந்திரிச்சி ஓடுவா, காலு போயிடும்னு. நாந்தான் சொன்னேன், என்கிட்ட விட்டுடுங்கன்னு."

"எங்க அடி?"

"தலைக்குப் பின்னுக்கு. மூஞ்சில ஒரு கீறல் இல்ல. நாந்தான் தொடச்சு அனுப்பினேன்."

"ஏதாச்சும் சொன்னாரா?"

கேட்ட பிறகுதான் கேள்வியின் முட்டாள்தனம் எனக்கே உறைத்தது. ஆயா சிரிக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். அவர் என்னிடம் சேதி இல்லாமல் வந்தது அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் அழுகை வந்தது. ஆயா நின்ற இடத்திலேயே நின்று, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நெற்றிப் பொட்டெல்லாம் அவர் வெள்ளைச் சேலையில் ஒட்டிக்கொண்டது. அழுது முடித்த பிறகு ஒன்றைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"அவ்ளோ பேச்சு எங்கேருந்து ஆயா வந்துச்சு? அவரு அப்படியெல்லாம் பேசறவரே இல்ல."

"அதான் எனக்கும் பயமா இருந்துச்சு. கண்டுபிடிச்சிடுவியோன்னு." சேலை முனையால் பொட்டுக் கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுக்காரரு பேசுவாரு. நாள் பூரா பேசுவாரு. சாரலு, முடி, கடலுக்குக் கூட்டிட்டுப் போறது, எல்லாம் அவரு பேச்சு."

"ராசாத்தி?"

"அதுவும்தான்."

லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பேசிக்கொண்டேதான் ஏறினாராம். லோரி புறப்பட்ட பிறகும் எதையோ சொல்லிக்கொண்டே போனாராம், இஞ்சின் சத்தத்தில் ஆயாவுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சேதியே இல்லை. போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அவரைப் பார்த்தேன் என்றோ, செத்துப்போனார் என்றோ ஒருவரும் வந்து சொல்லவில்லை.

"மாதா கோயில்ல செத்தவங்களுக்குப் பூசை வைப்பாங்க. பேரெல்லாம் வாசிப்பாங்க. சாமியாரு என்னையும் பேரு கொடுன்னு கேட்டாரு. நான் கொடுக்கல. எப்படிக் கொடுக்கறது?"

அவரைப் பற்றி ஆயா பேசியது அன்று ஒரு நாள்தான்.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு எனக்கு மரம் வெட்ட முடியவில்லை. கால் குட்டை. வாளி தூக்கி மேடு ஏற முடியாது. வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் போட்டார்கள். என்னை அங்கே பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் நான் கதவைப் பார்ப்பேன்.

எனக்குக் கணவரின் நினைவு வரும்போதெல்லாம் ஒரு குழப்பமும் கூட வந்தது. பின்பலகையில் உட்கார்ந்து கையைக் காட்டுகிறவர் ஒருவர். சாரல் அடிக்குமே என்று கேட்கிறவர் இன்னொருவர். இரண்டு பேருக்காகவும் ஏங்கினேன். இரண்டாமவரை நான் பார்த்ததே இல்லை. அவருக்கு உரியவர் ஆஸ்பத்திரியில் மலச்சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

கால் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டு கிடைக்கும். போகும்போதெல்லாம் ஆயாவோடு அந்தச் சிமெண்டு மேடையில் உட்காருவேன். அப்படி ஒரு முறை, ரந்தாவ் பாசார் பக்கம் முடிவெட்டும் கடையில் சயாமிலிருந்து திரும்பி வந்த ஒருவர் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

"போயி கேக்கட்டுமா ஆயா?"

அவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தார்.

"பேரு வேணுமே ஆயா. பேரு இல்லாம எப்படிக் கேக்கறது."

புருஷன் பெயரை வாயால் சொல்லுகிற வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. வேதக்காரர்களுக்கும் அப்படித்தான் போலும். ஆயா கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். அதைப் பிரித்து மறுபடி மடித்தார். பிறகு என் காதருகே குனிந்து சொன்னார். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சின்னப் பெயர். சாதாரணப் பெயர்தான். இதை எழுதும்போது அதைச் சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனால் அது என் காதில் வைத்த பெயர்.

முடிவெட்டும் கடைக்காரருக்கு முன்பற்கள் இல்லை. கடையில் இரண்டு மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒரு பெண் உள்ளே வந்து நின்றதைப் பார்த்து எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பெயரையும் தோட்டத்தையும் சொன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "யாரு?" என்றார். மறுபடி சத்தமாகச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"லாபுக்காரங்க ரொம்பப் பேரு இருந்தாங்கம்மா. அந்தப் பேருல எனக்கு யாரையும் தெரியலயே. எங்க கேம்புல இல்ல. வேற கேம்பா இருக்கும்."

"நல்லாப் பேசுவாரு. பேசிக்கிட்டே இருப்பாரு."

"அங்க யாரும் பேசிக்கிட்டு இல்லம்மா" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு பொய்யைத் தயார் செய்தேன். அவரைத் தெரியும் என்றார் ஆயா. காய்ச்சலில் போனாராம். கஷ்டப்படவில்லையாம். பக்கத்தில் ஆள் இருந்தாராம். கடைசியில் உங்களைத்தான் கேட்டாராம். அதை எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்துப் பார்த்துக்கொண்டேன். அவர் எனக்குச் செய்ததைத்தானே நான் அவருக்குச் செய்கிறேன்.

அடுத்த முறை போனபோது ஆயா துணிக்கொடியின் அருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். எப்போதும் சேதி கொண்டு வருகிறவர், சேதிக்காக நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் பொய் வரவில்லை.

"தெரியலன்னு சொல்லிட்டாரு ஆயா. அவரு கேம்புல இல்லியாம்."

ஆயா தலையை ஆட்டினார். கூடையை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"நீ என்னன்னு கேட்ட?"

"லாபு பக்கத்துத் தோட்டம், சயாமுக்குப் போனவருன்னு."

"பேரச் சொன்னியா?"

"சொன்னேன்."

"மெதுவாவா?"

"இல்ல ஆயா. அவருக்குக் காது கேக்கல. ரெண்டு வாட்டி சத்தமாச் சொன்னேன். கடையில இருந்தவங்க எல்லாரும் கேட்டாங்க."

ஆயாவின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று வந்தது. அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எல்லாரும் கேட்டாங்களா" என்றார். "இத்தன வருஷத்துல அவரு பேர யாரும் சொல்லி நான் கேக்கலம்மா. எனக்குச் சொல்ல வராது. வேற யாருக்கு அவரத் தெரியும்?"

கொடியில் துணிகள் அசைந்துகொண்டிருந்தன. ஆயா சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"அங்க சொன்ன மாதிரியே இங்க சொல்லு."

சொன்னேன். முடிவெட்டும் கடையில் சொன்ன அதே சத்தத்தில் சொன்னேன். ஆயா சட்டென்று மாராப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார், வேலை முடிந்து வீட்டுக்காரர் வாசலில் ஏறும்போது பெண்கள் செய்வதுபோல.

பிறகு நான் போன ஒரு முறை அவர் அங்கே இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்று ஒருவரும், லாபுவுக்கே திரும்பிவிட்டார் என்று இன்னொருவரும் சொன்னார்கள். கால் நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு இரண்டு இடத்திலும் தேடினேன். அவருடைய சொந்தப் பெயர் தெரியாததால் யாரிடமும் சரியாகக் கேட்கவே முடியவில்லை. எனக்குத் தெரிந்த பெயர் அவர் கணவருடையது மட்டும்தான். அதைச் சொல்லித்தான் கேட்டேன். ஒவ்வொரு லயத்திலும், ஒவ்வொரு வாசலிலும், அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிக் கேட்டேன்.